நகம் நுழையாத கண்ணாடி

அசுன்சியோன் நகரச் சந்தையின் தகரக் கூரை நண்பகல் வெயிலில் தகிக்கிறது. சிரிலோவின் போன் கடை மேசையில் பிளாசியா தன் தடித்த போனின் முதுகை நகத்தால் நெம்பித் திறக்கிறாள். பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதை அழுத்துகிறாள், திரை ஒளிர்கிறது. "அக்கா என் பொழப்புல மண்ணைப் போட்டுருவாங்க போல!" என்று சிரிலோ வியக்கிறான். செத்துப்போன போனைப் பிடித்தபடி நிற்கும் நாத்தனார் சுல்மாவுக்கு வயிறு எரிகிறது. அண்ணியின் அந்தத் தடித்த போனைத்தான் சோப்புக்கட்டி என்று அவள் கேலி செய்திருந்தாள். "இதையே வாங்கிக்க சுல்மா," என்கிறாள் பிளாசியா. " விலையும் கம்மி. கெட்டா நீயே மாத்திக்கலாம், நான் சொல்லித் தரேன்." அந்தக் கடைசி வார்த்தைதான் சுருக்கென்று தைக்கிறது. "அந்தப் பளபளப்பானதை எடுப்பா," என்கிறாள் சுல்மா. "அது பசை போட்டு ஒட்டினதுக்கா, திறக்கவே வராது." "நான் எதுக்குத் திறக்கணும்? நான் என்ன மெக்கானிக்கா?" சிரிலோ அதற்குப் பணம் வாங்கிக்கொள்கிறான். பிறகு, மூவரும் மாறி மாறி உறிஞ்சும் மாட்டுக் கொம்புக் குவளையில் மூலிகைத் தூள்மேல் ஐஸ் தண்ணீர் ஊற்றி, அந்தத் தெரெரே பானத்தை அவளிடம் நீட்டுகிறான். "நன்றி," என்கிறாள் வெடுக்கென்று. இங்கே அந்தச் சொல்லைச் சொன்னவருக்கு அப்புறம் சுற்றில் பங்கில்லை. அவள் முறையும் அண்ணிக்கே போகிறது. உறிஞ்சுகுழல் கொறகொறக்கிறது. நா வறண்ட சுல்மாவின் கையில் புதுப் போன் மினுங்குகிறது. யாரும் பார்க்காதபோது அவள் கட்டைவிரல் நகம் அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வருகிறது, ஓர் இடுக்காவது தட்டுப்படாதா என்று.