அழுகைக் காட்சி

சவப்பெட்டிக்குள் கிடந்த பிணம் தும்மியது.

சுற்றி நின்று ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். பிணமாக நடித்த சுகுமாறன் எழுந்து உட்கார்ந்து, "சாரி லா, பலகைத் தூசி மூக்குல போயிருச்சு" என்றான்.

சிரிக்காத ஒரே ஆள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கெர்ட்ரூட் ஆன்ட்டிதான். சிரிக்காவிட்டால் போகிறது, அழவும் இல்லையே! இயக்குநர் தீபனுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

பல்கலைக்கழகக் கலை விழாவில் தமிழ் நாடகத்துக்கு ஓர் இடம் கேட்டு நாயாய்ப் பேயாய் அலைந்தவன் அவன். சொதப்பினால் அடுத்த ஆண்டு அந்த இடமும் போய்விடும். வெளியாள் ஒருவராவது நடிக்க வேண்டும் என்பது விழாவின் விதி. அதனால் மகனைப் பறிகொடுத்த தாய் வேடத்துக்குப் பெர்மாஸ் ஜெயா குடியிருப்பிலிருந்து வந்த கெர்ட்ரூட்டைப் பிடித்துப் போட்டிருந்தான். கடைசிக் காட்சியில் அந்தத் தாய் கதறி அழ வேண்டும். அவள் அழாவிட்டால் நாடகமே இல்லை.

உண்மையில் ஆசைப்பட்டு வந்தவர் அவருடைய கணவர் வாலண்டைன். மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து நிறுத்தியவர், கதை என்ன, எத்தனை நாள் ஒத்திகை என்று ஒன்றும் கேட்கவில்லை. "அழுவுற சீன் இருக்குங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். பெண்டாட்டியை மேடையில் பார்க்க மனிதருக்கு என்ன ஆசை என்று தீபன் அன்றைக்கு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

இப்போது அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஆன்ட்டி வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்வார். உட்காரச் சொன்னால் உட்காருவார், நிற்கச் சொன்னால் நிற்பார். அழச் சொன்னால் மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஆன்ட்டி, ஒங்க சொந்தப் பிள்ளைன்னு நெனைச்சுக்குங்க" என்றான் தீபன்.

"நெனைச்சுக்கிட்டுத்தான் தம்பி இருக்கேன்" என்றார் அவர், கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோல.

கோடாலித் தைலத்தைக் கண்ணுக்குக் கீழே தடவிப் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. முகம் என்னவோ அப்படியேதான் இருந்தது. "அலமாக்! வெங்காயம் உரிக்கிற மாதிரில்ல இருக்கு!" என்று மருமகளாக நடித்த சாந்தினி தலையில் கைவைத்தாள்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று நொந்துபோன தீபன், கடைசி வரிசையில் வழக்கம்போல உட்கார்ந்திருந்த வாலண்டைனிடம் போனான்.

"அங்கிள், தப்பா நெனைக்காதீங்க. நாளைக்கு விழாவுல சாந்தினியோட அம்மா நடிக்கிறேன்னு சொல்றாங்க. ஆன்ட்டிக்கு ரெஸ்ட் குடுத்துரலாம்."

வாலண்டைன் சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் தம்பி. ஒங்க கால்ல வேணாலும் விழுறேன், நாளைக்கு அவளையே உக்கார வைங்க. கண்டிப்பா அழுவா."

இதென்னடா நாடகப் பைத்தியம் என்று தீபனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனாலும் அப்பா வயதுக்காரர் கெஞ்சும்போது முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "சரி, நாளைக்கு பொணத்துக்கு நல்ல சட்டை ஒண்ணு வேணும். அதையாச்சும் போய்த் தேடுறேன்" என்று திரும்பினான்.

"சட்டை நான் கொண்டாறேன். வீட்ல சும்மாதான் தொங்குது."

மறுநாள் நாடகத்துக்கு முன்னால் ஒரு பொதுச் சொற்பொழிவு. மகிழ்ச்சியாக வாழ்வது எப்படி என்று ஒரு பேராசிரியர் நேரம் போவதே தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார். மேடைக்குப் பின்னால் கெர்ட்ரூட் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தினி கொடுத்த தேத்தண்ணீர் அவர் கையிலேயே ஆறிப்போயிருந்தது.

வாலண்டைன் கொண்டுவந்த நீலக் கட்டம் போட்ட சட்டை சுகுமாறனுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. போட்டுக்கொண்டு பெட்டிக்குள் படுத்தான். மூடியும் விழுந்தது.

நாடகம் ஓடியது. கடைசிக் காட்சியில் பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். கெர்ட்ரூட் குனிந்து பார்த்தார்.

அவர் வசனத்தைச் சொல்லவில்லை. மறந்துவிட்டாரோ என்று தீபனுக்குத் திக்கென்றது. அவருடைய கை மெதுவாக நீண்டு, வேறு நிற நூலில் தைத்திருந்த சட்டைப் பொத்தான் ஒன்றைத் தடவியது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. ஒத்திகையில் யாரும் கேட்டிராத சத்தம். மார்பில் அடித்துக்கொண்டு, பெட்டிமேல் விழுந்து அழுதார். கண்ணை மூடிக் கிடந்த பிணத்துக்கே கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

திரை இறங்கியது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. தீபனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஆன்ட்டி நிறுத்தவில்லை. பயந்துபோன சுகுமாறன் எழுந்து உட்கார்ந்த பிறகும், அந்தச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே இருந்தார். வாலண்டைன் மேடைக்கு ஓடி வந்தார்.

"அங்கிள், ஆன்ட்டி கலக்கிட்டாங்க! நாடகம் முடிஞ்சிருச்சு, போதும்னு சொல்லுங்க" என்றான் தீபன்.

வாலண்டைன் மனைவியின் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் முதுகில் கை வைத்தார்.

"விடுங்க தம்பி. எங்க பையன் அடக்கத்தப்பகூட அவ அழல."