ஒரே ஒரு பங்கு

இந்தப் படியில் ஏறுகிறவளை ஊர்க்காரர்கள் யாராவது பார்த்துவிட்டால்?

அந்த நினைப்போடுதான் கலைப்பிரியா விழுப்புரத்தில் ஒரு மொபைல் கடை ஓரமாக நின்றாள். கடைக்கு மேலே, மாடியில், பங்குத் தரகர் அலுவலகம். குறுகலான படியில் அவள் கணவனின் அண்ணி அம்சா முழங்காலைப் பிடித்தபடி ஏறிக்கொண்டிருந்தாள்.

அம்சாவின் தோளில் மஞ்சள் பை. பைக்குள், வழக்கம்போல, இரண்டு லிட்டர் பாட்டில். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக இருக்கும் கிணற்றில் மொண்ட தண்ணீர். ஆறிப்போன டீயின் நிறம் அதற்கு.

சாயக் கம்பெனி வந்து மூன்றாம் வருடம் கிணறு இப்படி ஆனது. அதற்குப் பிறகு கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் திங்கட்கிழமைகளில் அம்சா அந்த பாட்டிலோடு பஸ் ஏறி வந்துவிடுவாள். இன்றும் திங்கட்கிழமைதான். மனு கொடுக்க வந்தவளுக்கு இந்த மாடியில் என்ன வேலை?

கலைப்பிரியாவும் படியேறினாள். மேஜைக்குப் பின்னால் இருந்த தரகர் சீனுவாசன் அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்சா திரும்பிவிட்டாள்.

“இன்னாடி கலை, நீ இன்னா இங்க?”

“கீழ ஜெராக்ஸ் எடுக்க வந்தேங்க்கா. நீ ஏறிக்கினு இருந்தத பாத்தேன்.”

“நல்லதாப் போச்சு, குந்து. சார், போன வாரம் ஆதார், பான் கார்டுலாம் குடுத்தேனே, கணக்கு ரெடியாயிட்டுதா?”

“ஆயிட்டுதும்மா. எந்தக் கம்பெனி வாங்கணும்?”

அம்சா சாயக் கம்பெனியின் பேரைச் சொன்னாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் கோஷம் போடும் அதே குரலில், கொஞ்சமும் கூசாமல் சொன்னாள்.

கலைப்பிரியாவுக்குக் காது மடல் சுட்டது. அக்காவுமா? நாம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கம்பெனி ஓடத்தானே போகிறது என்று அவளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுவிட்டாளா?

“எத்தினி பங்கும்மா?”

“ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு.”

“இருங்க, இன்னிக்கு வெலை பாத்துச் சொல்றேன்.” சீனுவாசன் கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

“வெக்கமா இல்லியாக்கா உனக்கு?” கலைப்பிரியாவின் குரல் அவளையும் மீறி உயர்ந்துவிட்டது. “கேவலம் முந்நூத்திப் பன்னண்டு ரூபா சமாச்சாரம். அதுக்குப் போயி அவங்கிட்டயே நிக்கிறியே! கொல்லயில மல்லாட்டைச் செடி மொத்தமும் கருகிப் போச்சுன்னு வரப்புல குந்தி அழுதியே, மறந்துட்டியா?”

அம்சா கோபப்படவில்லை. சிரித்தாள்.

“அடிப் பைத்தியமே, லாபத்துக்கா வாங்கறேன்? பதினேழு மனு குடுத்தாச்சு. கம்பெனி கேட்டாண்ட போனா வாட்ச்மேனே தொரத்தறான். வருசத்துக்கு ஒருக்கா பங்கு வச்சிருக்கறவங்களுக்குக் கூட்டம் போடுவாங்களாமே! ஒரே ஒரு பங்கு வச்சிருந்தாக்கூட மொதலாளிய நேராக் கேள்வி கேக்கலாமாம். இல்ல சார்?”

“கேக்கலாம்மா. இப்பல்லாம் வீடியோவுலதான் கூட்டம். பேசறதுக்கு முன்னாடியே பேரு குடுத்துடணும், அவ்வளவுதான்.”

“கேட்டுக்கினியா?” அம்சா பைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “இந்த பாட்டில செல்போன்ல தூக்கிக் காட்டி, ‘ஒரு வாய் குடி சாமி, அப்புறம் லாபக் கணக்கு படி’ன்னு கேக்கப் போறேன்.”

சீனுவாசன்கூடச் சிரித்துவிட்டார். கலைப்பிரியாவால் சிரிக்க முடியவில்லை. பாட்டிலின் அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கசடு இறங்கியிருந்தது. விழுப்புரத்து வாடகை வீட்டில் அவள் கேன் தண்ணீர் குடிக்கிறாள். அம்சா இதைத்தான் வடிகட்டி மாட்டுக்கு வைக்கிறாள்.

இவளைப் போய் என்ன பேச்சுப் பேசிவிட்டோம்! எந்த வாயால் பேசினோம்!

“இன்னாடி மூஞ்சி இப்பிடிப் போச்சு? நீ கேட்டதுல தப்பே இல்ல. உனுக்கு இவ்ளோ ரோசம் வந்துதே, அதுவே எனுக்கு சந்தோசம்.” அம்சா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆனா ஒரே பேஜாரு, எனுக்கு இங்கிலீஷ் வராது. அவனுங்க ரெண்டு வார்த்த தஸ்ஸு புஸ்ஸுன்னு சொல்லிட்டு கட் பண்ணிடுவானுங்க. நீ காலேஜ் ஆபீஸ்ல வேல பாக்கறவ. நீயும் என் பக்கத்துல குந்திக்கினு கேளு.”

“நானா?”

“பின்ன? அந்தக் கெணத்துல உம் புருசனுக்கும் பாதி கீதே. உன் பேர்லயும் ஒண்ணு வாங்கிடலாம். கூட்டத்துக்கு இன்னும் ஒரு மாசம் கீது.”

மனு ரசீதுகளுக்கு நடுவே மடித்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் இரண்டை அம்சா உருவினாள். சொசைட்டிக்குப் பால் ஊற்றிச் சேர்த்த காசு. ஒன்றை மேஜைமேல் வைத்தாள். இன்னொன்றைக் கலைப்பிரியாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“ஜல்தி எழுதிக்கோங்க சார், எங்க கலைக்கு ஒரு பங்கு.”

சீனுவாசன் பேனாவை எடுக்கவில்லை. தலையைக் குனிந்து எதையோ தேடுவதுபோல மேஜை டிராயரைத் திறந்தார்.

கலைப்பிரியா அந்தத் தாளை நீவி, நான்காக மடித்து, அம்சாவின் மஞ்சள் பைக்குள் திரும்ப வைத்தாள். பாட்டிலைப் பார்த்தபடியே, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போன்ற குரலில் சொன்னாள்.

“எனக்கு வேணாங்க்கா. எங்கிட்ட ஏற்கெனவே நானூறு பங்கு கீது.”