வைஃபைக்குள் நுழைந்த கழுதை

"அரை மணித்தியாலம் தா, றமீஸ். மன்னார்க் கழுதைகூட இந்த வைஃபைக்குள்ள நுழையும்."

உப்புக்குளம் வாசிகசாலைக் கணினியின் முன் சபதம் போட்டார், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஸுஹறா.

றமீஸ் நம்பவில்லை. குடும்பத்தில் அவன் மட்டும்தான் சொந்த ஊரான மன்னாருக்குத் திரும்பியிருந்தான். மனைவி இன்னும் புத்தளத்தில். நேற்றுப் பிறந்த மகளை வீடியோவில் பார்க்கலாமென்றால் அவனுடைய பழைய போனை வைஃபை உள்ளே விடவில்லை.

"போன்தான் பிழை டீச்சர். பெயரைப் பார்த்து வைஃபைக்குள்ள ஆளை விடுற புரோகிராம் கொழும்பில ஒரு பெரியாள் எழுதினது."

"பழைய போன்கள் நாங்க அடிக்கிற பெயருக்குப் பின்னால ஒரு இடைவெளியும் சேர்த்து அனுப்புது. புரோகிராம் வேற ஆளெண்டு துரத்துது. அந்த இடைவெளியை வெட்ட ஒரு வரி எழுதத் தெரியாத கழுதை ஆரடா?"

அந்த வரியைத் தட்டினார். றமீஸின் போனில் மகள் கொட்டாவி விட்டாள்.

றமீஸ் சிரித்தபடி காதைத் தடவினான். "அந்தப் புரோகிராமை எழுதின பெரியாள் நான்தான் டீச்சர். கழுதை நுழைஞ்சிட்டுது."