வாலைத் தொட்டது யார்?

கணவரின் முதலாளி வீட்டுக்கு வருகிறாரே என்று அலமாரியைத் துடைத்தபோது, மாடல் விமானத்தின் வால் அவள் கையோடு வந்துவிட்டது. அவளுக்கு உயிரே போய்விட்டது. விமானத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை மேலாளரான கணவர் தன் கையால் செய்தது. யாரையும் தொட விடமாட்டார். “மயிரிழை பிசகாது” என்று ஊரெல்லாம் மார்தட்டுவார். முதலாளி வருவதே அதைப் பார்க்கத்தான்.

“நேரா ஒட்டுடா தம்பி! கோணிச்சுதுன்னா என்னைத் தொலைச்சுடுவார்.”

“நீ புலம்பாம இரு அக்கா. கை ஆடுது.”

தம்பி படுக்கை வாலை இறக்கைக்கு இணையாகவும், நிற்கும் வாலைச் செங்குத்தாகவும் ஸ்கேல் வைத்து ஒட்டினான். பசை காய்வதற்குள் அழைப்பு மணி அடித்தது; கணவர் முதலாளியை அழைத்து வந்துவிட்டார்.

முதலாளி விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “பிரமாதம்! வால் என்ன நேர்த்தி!”

கணவருக்கு முகம் வெளிறியது. தண்ணீர் எடுக்கும் சாக்கில் சமையலறைக்குள் வந்தார்.

“வாலை யார் தொட்டது?”

“தெரியாம உடைஞ்சுடுச்சுங்க. தம்பிதான் ஒட்டினான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“நான் ஒட்டினது இவ்வளவு நேராவா இருக்கும்? அதான் வாலைச் சுவர்ப்பக்கமாத் திருப்பி வெச்சிருந்தேன். உன் தம்பியைப் போக விடாதே. முதலாளி தனக்கும் ஒண்ணு செஞ்சு தரச் சொல்லிக் கேட்கிறார்!”