நடுக்கோடு

இக்கேஜா கம்ப்யூட்டர் சந்தையில் கரன்ட் வந்துவிட்டது. சந்தையே கூச்சல் போட்டுக் கொண்டாடுகிறது, கடைகடையாக ஜெனரேட்டர்கள் அடங்குகின்றன. இஃபெடாயோவின் கடையில் மட்டும் அது இருமிக்கொண்டே ஓடுகிறது. பேட்டரி செத்த லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க்கை இரண்டு பங்காகப் பிரிக்கும்போது அவன் கரன்ட்டை நம்புவதே இல்லை. பாதியில் போனால் உள்ளே இருப்பதெல்லாம் போச்சு. போனுக்குச் சார்ஜ் ஏறக் காத்திருக்கும் நான், புகையைத் திட்டிக்கொண்டே அவன் திரையைப் பார்க்கிறேன். நீளமாய் ஒரு நீலப் பட்டை. அதுதான் டிஸ்க், முழுக்க லினக்ஸ். எதிரே முக்காலியில், லேப்டாப்பைக் கொண்டுவந்த எபியேரே, வாழைக்காய் வறுவல் பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். புது வேலைக்கு அவளுக்கு விண்டோஸ் வேண்டும். கணவருடைய லினக்ஸும் இருந்தபடியே இருக்க வேண்டும். இஃபெடாயோ பட்டையைப் பங்கு பிரிக்கும் நடுக்கோட்டைப் பிடித்து இழுத்து, நீலத்தை ஓர் ஓரத்துக்கு ஒதுக்குகிறான்.

"அங்கிளுக்கு இவ்வளவு போதும் ஆன்ட்டி. அதுல என்ன ஃபுட்பாலா ஆடப் போறாரு?"

"அவரு இல்ல தம்பி. மழைக்காலம் தொடங்கறதுக்கு முன்னாடியே தவறிட்டாரு."

மவுஸின் மேல் அவன் கை அப்படியே நிற்கிறது. ஜெனரேட்டர் அதிர்வில் மேசையிலிருக்கும் குட்டித் திருகாணிகள் மெல்ல நகர்கின்றன.

"அப்போ... மொத்தத்தையும் நீங்களே எடுத்துக்கலாமே ஆன்ட்டி. இனிமே யாரு கேக்கப் போறா?"

எபியேரே எழுந்து வருகிறாள். அவன் கையை மெதுவாக விலக்கிவிட்டு, கோட்டைத் தானே இழுத்து நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறாள்.

"பாதிக்குப் பாதி இருக்கட்டும் தம்பி. கட்டில்லயே நான் இன்னும் சுவரோரமாத்தான் படுக்கறேன்."