அரைக் கிலோ காளான்

"ஐயோ, மதாம்! நிறுத்துங்க! மேசை... மேசை!"

பாரிஸிலிருந்து கணவனோடு கோட்டை பார்க்க வந்திருந்த சொலீன் கத்தி முடிப்பதற்குள் வேன் பின்பக்கமாக வந்து மேசையை முட்டித் தள்ளிவிட்டது. நாலு தட்டு மஞ்சள் காளானும் தரையில் கொட்டியது. அதோடு விடவில்லை. வேன் இன்னும் ஓரடி பின்னால் வந்து, கொட்டியதன் மேலேயே ஏறி நின்றது.

சனிக்கிழமைச் சந்தையே திரும்பிப் பார்த்தது.

காளான்காரர் ஃபிர்மானுக்கு எழுபது வயது. காட்டில் தானே பறித்து வந்து விற்பவர். கையில் தராசோடு அப்படியே நின்றார்.

வேனிலிருந்து இறங்கியவள் பக்கத்துக் கடை ஒதில். அவளும் காளான்தான் விற்கிறாள். பண்ணையில் வளர்த்த வெள்ளைக் காளான்.

"கால் வழுக்கிடுச்சு" என்றாள்.

"ரெண்டு தடவையா வழுக்கும்?" என்றார் ரொட்டிக்காரர்.

"வாராவாரம் அவர்கிட்ட கூட்டம், உன்கிட்ட ஈ. வயிறு எரியாதா பின்ன?" என்றாள் மீன்கடைக்காரி.

சொலீனுக்கும் பொறுக்கவில்லை.

"நான் பார்த்தேன்! கொஞ்சம் முன்னாடிதான் இவங்க வந்து அவர் தட்டையே முறைச்சுப் பார்த்தாங்க. ஒண்ணை எடுத்து மோந்துட்டு முகத்தைச் சுளிச்சுக்கிட்டுப் போனாங்க. பொறாமை! வேணும்னேதான் இடிச்சிருக்காங்க!"

"பாரிஸ்காரிக்கே புரிஞ்சிடுச்சு, பாரேன்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். ஒதில் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

சந்தைக் கண்காணிப்பாளர் வந்தார். "ஒதில், கடையைக் கட்டு. ஒரு மாசத்துக்கு இந்தப் பக்கம் வராதே."

"சரி" என்றாள். உடனே தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

காரில் ஏறியதும் சொலீனின் கணவன் பஸ்தியான் பெருமூச்சு விட்டான். "நல்லவேளை, நாம அரைக் கிலோ முன்னாடியே வாங்கிட்டோம். பாவம் மனுஷன், இன்னிக்கு அவருக்கு நடந்த வியாபாரமே அவ்வளவுதான்."

போகிற வழியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒயின் ருசி பார்க்க இறங்கினார்கள். வண்டி ஓட்டுகிறவள் என்பதால் சொலீன் நாக்கில் வைத்துத் துப்பினாள். பஸ்தியானுக்கு அந்தக் கவலை இல்லை. தோட்டக்காரரின் மனைவி காளான் கதையைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டுல முட்டை இருக்கு, வெண்ணெய் இருக்கு. அதை இங்கேயே வதக்கித் தரட்டுமா?" என்றாள்.

பஸ்தியான் எழுந்தேவிட்டான்.

"உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டே. கோட்டையை மதியம் பூட்டிடுவாங்க, கிளம்பு" என்று அவனை இழுத்துக்கொண்டு வந்தாள் சொலீன்.

கோட்டைப் பாலத்தில் கால் வைத்தபோது, பின்னால் ஒரு வேன் கிரீச்சிட்டு நின்றது.

"பஸ்தியான், அந்தப் பொம்பளை! நான் சாட்சி சொன்னதுக்குச் சண்டைக்கு வந்திருக்கா!"

ஒதில் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அந்தக் காளான்... சாப்பிட்டுட்டீங்களா?"

"ஏன், அதையும் நசுக்கணுமா உங்களுக்கு?"

"சாப்பிட்டீங்களா இல்லையா? சொல்லுங்கம்மா!" அவள் குரல் உடைந்தது.

"இல்லை. கார்ல இருக்கு."

ஒதில் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

பஸ்தியான் பயந்துபோய்ப் பையை எடுத்து வந்தான். அவள் அதைச் சுவரின் மேல் கொட்டி, விரலால் கிளறிப் பிரித்தாள்.

"இதோ ஒண்ணு. இது ஒண்ணு. இதுவும்தான். பார்வைக்கு எல்லாம் ஒரே நிறம். ஆனா இது மூணும் விஷம், கிட்னியைத் தின்னுடும். சாப்பிட்டுப் பத்து நாள் வரைக்கும் ஒண்ணும் தெரியாது. தெரியும்போது ஒண்ணும் பண்ண முடியாது."

சொலீன் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வாங்கினது எனக்குத் தெரியாது. நான் வேனை எடுக்கப் போன நேரத்துல வாங்கியிருக்கீங்க. கோட்டைக்கு வழி கேட்ட பாரிஸ்காரங்களுக்கு மட்டும் அரைக் கிலோ வித்தேன்னு அப்புறம்தான் ஃபிர்மான் சொன்னார். எனக்கு உயிரே போயிடுச்சு."

"வேற யாராவது வாங்கினாங்களா?" என்று கேட்டாள் சொலீன்.

"இல்லை. நீங்கதான் முதல் போணி."

சொலீனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெண்ணெய் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார்கள்.

"அவர் காதுல ரகசியமா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, 'நாப்பது வருஷமா பறிக்கிறேன், எனக்கா சொல்றே'ன்னு கத்துவார். மொத்தச் சந்தையும் திரும்பிப் பார்க்கும். கண் மங்கிடுச்சுன்னு அவருக்கே இன்னும் தெரியலை. அவர் மகளுக்குப் போன் பண்ணிட்டேன். திங்கட்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிப் போறா. இனிமே தனியாக் காட்டுக்கு விடமாட்டா."

சொலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க, சந்தைக்குத் திரும்பிப் போவோம். எல்லார் முன்னாடியும் நானே உண்மையைச் சொல்றேன். உங்களை என்ன பேச்சுப் பேசிட்டேன்!"

ஒதில் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம்மா. என்னைப் பொறாமைக்காரின்னு சொன்னா ஒரு மாசத்துல மறந்துடுவாங்க. அவரை விஷம் வித்தவர்னு சொன்னா, அவர் செத்தப்புறமும் மறக்க மாட்டாங்க."