தென்கடல் ராட்சசன்

படக்கடைச் சுவரில் ஒரு பழங்காலக் கடல் வரைபடம் மாட்டியிருந்தது. அதில் கப்பலை வளைத்துக்கொண்டிருந்த கடல்நாகம், பூச்சி பிடிக்க வந்த பல்லியை அதட்டியது.

"ஓடிப் போடா பொடியா! இது ராட்சசர்கள் இருக்கிற கடல்."

"ஒரே ஒரு பூச்சி அண்ணே, பிடிச்சிட்டுப் போயிடுறேன்."

அந்த நேரம் பார்த்து, நகல் போடுவதற்காகக் கடைக்காரர் வரைபடத்தைப் படம் எடுத்தார். கேமரா வெளிச்சத்தில், வரைபடத்தின் மேலிருந்த பல்லி அசையாமல் நின்றுவிட்டது. அதையும் ஓவியம் என்றே அவர் நினைத்துக்கொண்டார்.

மறுவாரம் கடை முழுக்கப் புது நகல்கள். எல்லாவற்றிலும் கப்பலைவிடப் பெரிதாக ஒரு பல்லி! வாங்க வந்தவர்கள், "அடேயப்பா, எப்பேர்ப்பட்ட மிருகம்!" என்று வாய்பிளந்தார்கள்.

நிஜப் பல்லி ஆசையாக ஒரு நகலில் ஏறியது.

"ஓடிப் போடா பொடியா!" என்று சீறியது படத்துப் பல்லி.

நிஜப் பல்லிக்குப் பெருமை தாங்கவில்லை.

"இதோ கிளம்பிட்டேங்க அண்ணே!" என்று வாலை ஆட்டிக்கொண்டே ஓடியது.